மந்திக்கு மஞ்சள் பூசியவள்

சொல்லுடி, எம்புள்ள எவன் லாரியில சாஞ்சு நின்னா, நீ எந்தக் கண்ணால பார்த்த, அந்தக் கண்ணைக் காட்டு, நோண்டி எடுக்கிறேன், என்று சிவபாக்கியம் குழாயடியில் குடத்தை ஓங்கிக்கொண்டு நிற்கிறாள், நீலப் பிளாஸ்டிக் குடம், முக்கால் குடம் தண்ணீர், நானும் இடுப்பில் கை வைத்து, பார்த்ததைத்தானடி சொன்னேன், பார்க்காததையா சொன்னேன், ஊரே பார்த்துச்சு, ஊருக்கு வாய் இல்ல, எனக்கு இருக்கு, என்று சொல்லி முடிப்பதற்குள் குடம் அவள் கையை விட்டுப் பறக்கிறது, என் மேல் விழாமல் படிக்கட்டில் விழுந்து உருள்கிறது, தேயிலைக்குள் இறங்கும் இருபத்தோரு படி, படிக்கு ஒரு வாய் தண்ணீரைக் கக்கிக்கொண்டு டொம் டொம் என்று போகிறது, குழாயடியில் நின்ற அத்தனை பேரும் குடத்தையே பார்க்கிறோம், நானும்தான், எதையும் விடாமல் பார்ப்பவள் என்று பெயர் எடுத்த நான் அந்த நேரம் பார்த்துக் குடத்தைப் பார்த்தேன், எங்கள் முதுகுக்குப் பின்னால் ஆறாம் நம்பர் வீட்டு வாசலில் சிவபாக்கியத்தின் மகள் நிரஞ்சனி, பதினைந்து வயது, உள்ளங்கையைக் கண்ணுக்கு மேல் கூரை மாதிரி வைத்துக்கொண்டு வந்து நின்றதை, அம்மா சண்டை வேணாம் என்று சொல்ல வாயைத் திறந்ததை, கால் பின்னியதை, யாரும் பார்க்கவில்லை, குடம் கடைசிப் படியில் போய் நின்ற பிறகு இன்னொரு சத்தம் கேட்டது, அது குடத்தின் சத்தம் இல்லை.

கூடலூருக்கு மேலே எங்கள் எஸ்டேட்டில் ஒரு லைன் என்றால் பத்து வீடு, பத்துக்கும் சேர்த்து ஒரே தகரக் கூரை, வீட்டுக்கு வீடு சுவர் உண்டு, ஆனால் கட்டியவன் சுவரைக் கூரைவரை கொண்டுபோகாமல் மேலே ஒரு முழம் இடைவெளி விட்டுவிட்டான், அந்த ஒரு முழத்தில்தான் என் காது வளர்ந்தது, ஐந்தாம் நம்பரில் நான், ஆறாம் நம்பரில் சிவபாக்கியம், அவள் வீட்டில் தாளித்தால் கடுகு எத்தனை வெடித்தது என்று என்னால் சொல்ல முடியும், அவள் புருஷன் பேக்டரியிலிருந்து எத்தனை மணிக்கு வந்தான், எந்தப் பேச்சில் தட்டை நகர்த்தினான், எல்லாம் எனக்குத் தெரியும், இதில் என் குற்றம் என்ன இருக்கிறது, காதுக்குக் கதவு வைத்தா அனுப்பினான் ஆண்டவன், என்னை ரேடியோ என்பார்கள், முகத்துக்கு நேராக இல்லை, அந்த ஒரு முழத்தின் வழியாகத்தான் அதுவும் எனக்குத் தெரியும், கொழுந்து நிறுக்கிற இடத்தில் என் பக்கத்தில் நிற்கப் பெண்கள் முட்டி மோதுவார்கள், நிறுத்து முடிந்ததும் அவர்களே, அவ வாய்க்குப் பூட்டு போட ஆள் இல்ல, என்று சொல்லிக்கொண்டு போவார்கள், போகட்டும், கேட்கிற காது இல்லாமல் சொல்கிற வாய் மட்டும் எப்படி வளரும், அதை யாரும் யோசிப்பதில்லை. ஆனால் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நான் என் வாய்க்குள் வைத்துப் பூட்டினேன், என் ஆயுசில் நான் காப்பாற்றிய ஒரே ரகசியம், அதைத்தான் காப்பாற்றியிருக்கக் கூடாது.

மந்தி செத்தது, குடம் பறந்ததற்கு நாலு வாரம் முன்னால், ஒரு வியாழக்கிழமை, தை மாதம், பனி விட்டு வெயில் ஏறுகிற நேரம், எங்கள் லைனுக்குப் பின்னால் நிற்கும் சில்வர் ஓக் மரத்திலிருந்து பொத்தென்று விழுந்தது, கருமந்தி, பெரியது, ஒரு ஆள் மடங்கிப் படுத்த மாதிரி கிடந்தது, எங்கள் சனத்தில் குரங்கு செத்தால் குழிதோண்டித் தள்ளிவிட்டுப் போக மாட்டார்கள், குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, புதுத்துணி போர்த்தி, மாலை போட்டு, மேளம் தட்டி, மனிதருக்குச் செய்கிற அத்தனையும் செய்துதான் புதைப்பார்கள், எங்கள் அப்பன் ஆத்தா சிலோனிலிருந்து கப்பலேறி வந்தபோது சட்டி பானையை விட்டுவிட்டு வந்தார்களே ஒழிய இதை விட்டுவிட்டு வரவில்லை, அதுவும் மாரியம்மன் திருவிழாவுக்கு ஐந்து வாரம் இருக்கையில், லைனுக்குப் பின்னாலேயே ஆஞ்சநேயர் அம்சம் விழுந்து கிடக்கிறது என்றால், முன்னால் நின்று நடத்த ஒரு ஆள் வேண்டாமா, நான் நின்றேன், மூன்றாம் லைன்காரிகள் வந்து பார்த்து வாயடைத்துப் போக வேண்டும் என்று நின்றேன், மஞ்சள் அரைத்தவள் நான், வேட்டித்துண்டு கிழித்தவள் நான், சாயங்காலம் எல்லாம் ஆனதும், யாருங்க்கா பூசறது, என்று கேட்டார்கள், எல்லாக் கண்ணும் என்னைப் பார்த்தது, நான் மந்தியைப் பார்த்தேன், கண் பாதி திறந்திருக்கிறது, வாயோரம் எறும்பு, வாடை குமட்டுகிறது, காதுமடலில் மிளகு ஒட்டின மாதிரி கறுப்பாக ஐந்தாறு, உண்ணி, நான் பார்த்தேன், பார்க்காமல் இருப்பேனா, மாட்டுக்கு இல்லாத உண்ணியா என்று நினைத்தேன், ஆனால் கை போகவில்லை, கை போகாததை வாய் மறைத்தது, கன்னிப் பொண்ணுதான் பூசணும், அதுதான் முறை, என்று சொல்லிவிட்டேன், அப்படி ஒரு முறை எங்கேயும் கிடையாது, அந்த நிமிஷம் என் நாக்கில் பிறந்த முறை அது.

ஸ்கூல் விட்டு அப்போதுதான் வந்து நிற்கிறாள் நிரஞ்சனி, யூனிபார்ம் மாற்றவில்லை, இரட்டைச் சடை, நீதான்டி இந்த லைனுக்கே மூத்த கன்னிப் பொண்ணு, உக்காரு, என்றேன், சிவபாக்கியத்துக்கும் பெருமைதான், அன்றைக்கு என் கண்ணை அவள் நோண்ட வரவில்லை, உக்காரு புள்ள, பெரியம்மா சொல்றாங்கல்ல, என்றாள், நிரஞ்சனி சப்பணம் போட்டு உட்கார்ந்தாள், நாங்கள் நாலு பேர் மந்தியின் தலையைத் தூக்கி அவள் மடியில் வைத்தோம், பயப்படவில்லை அந்தப் பெண், பச்சைப்பிள்ளைக்குப் பூசுகிற மாதிரி நெற்றியில், கன்னத்தில், காதுமடலில், விரல் விரலாகப் பூசினாள், பெரியம்மா கண்ணு தொறந்திருக்கு, என்றாள், மூடிவுடு, என்றேன், பெரியம்மா போதுமா, இன்னும் பூசணுமா, என்றாள், காதுக்குப் பின்னால பூசு, நல்லா பூசு, என்றேன், பக்கத்தில் என் மகள் தேன்மொழி, ஒன்பது வயது, பூத்தட்டைப் பிடித்துக்கொண்டு மந்தியின் வாலை ஒரு விரலால் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள், தொடட்டும், சாமிதானே என்று விட்டுவிட்டேன், இப்போது மத்தியானம் சாப்பிட்டுக் கண்ணை மூடினால் அந்த மடிதான் வருகிறது, சில நாள் மடியில் மந்தி இருக்கிறது, சில நாள் மந்தியின் மடியில் நிரஞ்சனி இருக்கிறாள், மந்தி அவளுக்குப் பூசிக்கொண்டே என்னைப் பார்த்து, போதுமா, என்கிறது, நான் போதும் போதும் என்று கத்துகிறேன், வாய் திறக்கவில்லை, இந்த வாய், அங்கே மட்டும் திறக்கவில்லை.

சனிக்கிழமை பாரஸ்ட் கார்டு வந்தார், நல்ல மனுஷன், தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு, இங்க குரங்கு எதுவும் செத்துச்சா, செத்தா உடனே சொல்லணும்மா, தொடக் கூடாது, தொட்டாலோ புதைச்சாலோ கேஸ் ஆயிடும், என்றார், கேஸ் என்ற ஒரு வார்த்தைதான் எங்கள் காதில் விழுந்தது, தொடக் கூடாது என்றது விழவில்லை, குரங்கா, எந்தக் குரங்கு சார், இங்க நாங்கதான் இருக்கோம், வேணும்னா புடிச்சிட்டுப் போங்க, என்றேன், எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார், அவர் தலை மறைந்ததும் சிரிப்பு போய்விட்டது, யாராவது சொல்லிட்டா என்னக்கா ஆவுறது, என்று ஆளாளுக்கு என் முகத்தைப் பார்த்தார்கள், ரேடியோவைப் பார்த்துக் கேட்கிறார்கள், எனக்கு ரோஷம் வந்தது, லைன் சனத்தை மொத்தமாகக் கோயிலுக்குக் கூட்டிப்போய் சூடம் ஏற்றி நிறுத்தினேன், மந்தி விஷயம் யார் வாயிலருந்து வெளிய போவுதோ, அவ வீட்டுப் பிள்ளைய ஆத்தா எடுத்துக்கட்டும், இதையும் நான்தான் கட்டினேன், வார்த்தைக்கு வார்த்தை என் தயாரிப்பு, அந்த முறை மாதிரியே, எல்லாரும் சூடத்தில் கை வைத்தார்கள், சிவபாக்கியமும் வைத்தாள், நானும் வைத்தேன்.

அடுத்த புதன்கிழமை நிரஞ்சனிக்குக் காய்ச்சல், சுவருக்கு அந்தப் பக்கம் பல் கிடுகிடுக்கிற சத்தம் எனக்குக் கேட்டது, மேலெல்லாம் அடிச்சுப்போட்ட மாதிரி வலிக்குதும்மா, என்று அழுகிறாள், எஸ்டேட் டிஸ்பென்சரியில் மாத்திரை, கஷாயம், விபூதி, ஒன்பது நாள் காய்ந்தாள், பத்தாம் நாள் வெள்ளிக்கிழமை சொல்லிவைத்தாற்போல் விட்டது, இதற்கு நடுவில் தேன்மொழியின் முழங்கால் மடிப்பில் ஒரு உண்ணி, குண்டுமணி அளவு குடித்து வீங்கியிருந்தது, பிடுங்கி இரண்டு கட்டைவிரல் நகத்துக்கும் நடுவில் வைத்து நசுக்கினேன், சட் என்றது, அவளுக்கும் ஐந்து நாள் காய்ச்சல் அடித்து விட்டது, ஞாயிற்றுக்கிழமை நானும் சிவபாக்கியமும் ஒரே அண்டாவில் வேப்பிலை போட்டுக் காய்ச்சி இரண்டு பிள்ளைக்கும் தலைக்கு ஊற்றினோம், ஆத்தா எறங்கிட்டா, என்று அவள் சொன்னாள், எறங்கிட்டா, என்று நானும் சொன்னேன், கோழியடித்து இரண்டு வீட்டுக்கும் ஒரே குழம்பு, நிரஞ்சனி இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள், அந்த வாரம் முழுக்க அவள் முகத்தில் ஒரு களை, இப்போது நினைத்தால் அந்தக் களைதான் பயமாக இருக்கிறது, காய்ச்சல் போகவில்லை, வாசலில் போய் நின்று திரும்பி வர நேரம் பார்த்துக்கொண்டிருந்தது, அது எங்களுக்குத் தெரியவில்லை, நாங்கள் அதற்குக் கோழியடித்து விருந்து வைத்தோம்.

பிறகு ஒரு திங்கட்கிழமை அவள் நடை மாறியது, நான்தான் முதலில் பார்த்தேன், ஸ்கூலுக்குப் போகிற ஒற்றையடிப் பாதையில் குடித்தவள் மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து போகிறாள், கூப்பிட்டால் ஒரு நிமிஷம் கழித்துத் திரும்புகிறாள், எங்க போற புள்ள என்றால், சாப்பிட்டேன் பெரியம்மா, என்கிறாள், தனியாகச் சிரிக்கிறாள், வீட்டில் பகலிலேயே போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு படுக்கிறாள், விளக்கைப் போட்டால் அணை அணை என்று கத்துகிறாள், செவ்வாய்க்கிழமை கொழுந்து லாரி பக்கத்தில், டிரைவர் ஜெயசீலன் இந்தப் பக்கம் இறங்கி நிற்க, அந்தப் பக்கம் லாரியில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடி நிற்கிறாள், இவ்வளவையும் பார்த்தேன், ஒன்று விடாமல் பார்த்தேன், ஒரு டாக்டர் கூட இத்தனை பார்த்திருக்க மாட்டார், ஆனால் எனக்குத் தெரிந்த நோய் ஒன்றே ஒன்றுதான், பதினைந்து வயதுப் பெண்ணுக்கு நடை தடுமாறினால் அதற்கு என்ன அர்த்தம் என்று என் அகராதியில் ஒரு பக்கம்தான் இருந்தது, புதன்கிழமை கொழுந்து நிறுக்கிற இடத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து வாசித்தேன், பொண்ணு நடையே சரியில்ல, லாரியடியில என்ன வேலை, பேசினா பதில் வேற எங்கயோ இருந்து வருது, சிவபாக்கியம் சீக்கிரம் பார்த்துக்கிட்டா நல்லது, நல்ல எண்ணத்தில் சொன்னதாகத்தான் அன்றைக்கும் நினைத்தேன், நல்ல எண்ணம் லைனைச் சுற்றிவிட்டு வியாழக்கிழமை காலையில் குடமாக வந்தது.

குடம் நின்று, அந்தச் சத்தம் கேட்டு, திரும்பினால் வாசற்படியில் நிரஞ்சனி விழுந்து கிடக்கிறாள், கைகால் வெட்டி வெட்டி இழுக்கிறது, கண் மேலே செருகிவிட்டது, வாயோரம் நுரை, அவள் விழுந்து கிடந்த கிடை, மடங்கின கை, பாதி திறந்த கண், எனக்கு எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது, எங்கே என்றும் தெரிந்தது, சில்வர் ஓக் மரத்தடியில், யாரோ சாவியைக் கையில் வைக்கிறார்கள், யாரோ பேய் என்கிறார்கள், சிவபாக்கியம் மகளைப் பிடித்துக்கொண்டு, அக்கா, அக்கா, என்கிறாள், நோண்ட வந்த கண்ணைப் பார்த்துத்தான் அக்கா என்கிறாள், நான் ஓடினேன், வண்டி என்று இருந்தது கொழுந்து லாரிதான், நான் யாரோடு அந்தப் பெண்ணை முடிச்சுப் போட்டேனோ அந்த ஜெயசீலன்தான் கொழுந்து மூட்டையைத் தள்ளிவிட்டு எங்களை ஏற்றினான், மலையிறங்க மூன்று மணி நேரம், கொண்டை ஊசிக்குக் கொண்டை ஊசி அவள் தலை சிவபாக்கியத்தின் மடியில் உருண்டு என் மடிக்கு வருகிறது, நெருப்பாகக் கொதிக்கிறது, இன்ஜினுக்குத் தண்ணீர் ஊற்ற டீக்கடையில் நிறுத்திய இடத்தில் ஜெயசீலன் என்னைப் பார்க்காமல் சொன்னான், பாப்பா நிழலுக்குத்தான்க்கா வந்து நின்னுச்சு, வெளிச்சம் கண்ணுல குத்துது அண்ணா, கொஞ்ச நேரம் லாரி நிழல்ல நிக்கட்டுமான்னு கேட்டுச்சு, எனக்கு என்ன தெரியும், நில்லு பாப்பான்னேன். நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன், ஆடை கட்டிப்போனது.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பையன் மாதிரி டாக்டர், அவள் கழுத்தைத் தூக்கிப் பார்த்தார், வளையவில்லை, பலகையாக நிற்கிறது, மூளையில வீக்கம் மாதிரி இருக்கும்மா, இதுக்கு முன்னாடி காய்ச்சல் வந்துச்சா, எப்ப வந்துச்சு, எத்தனை நாள் இருந்துச்சு, நடுவுல எத்தனை நாள் நல்லா இருந்தா, என்று அடுக்குகிறார், சிவபாக்கியம், இருந்துச்சுங்க சார், போன மாசம், இல்ல இந்த மாசம், என்று தடுமாறுகிறாள், பெற்றவளுக்கு நாள் மறந்துவிட்டது, எனக்கு மறக்கவில்லை, உங்க பக்கம் குரங்கு எதுவும் செத்துக் கிடந்துச்சா, இவ பக்கத்துல போனாளா, என்று கேட்டார், சிவபாக்கியம் என்னைப் பார்த்தாள், அந்தப் பார்வையை நான் எப்படிச் சொல்வேன், சூடத்தில் கை வைத்தவளின் பார்வை, சொன்னால் ஆத்தா எடுத்துக்கொள்வாள், எடுத்துக்கொள்ள ஏற்கெனவே கட்டிலில் போட்டு வைத்திருக்கிறாள், எப்படிச் சொல்வாள், இல்லைங்க சார், என்றாள், குரங்கெல்லாம் எதுவும் இல்லைங்க, என்று கும்பிட்டாள், கட்டிலில் நிரஞ்சனியின் வலது கை போர்வையின் மேல் மெதுவாக அசைகிறது, விரல் விரலாகத் தடவுகிறது, நெற்றியில் பூசுகிற மாதிரி, காதுக்குப் பின்னால் பூசுகிற மாதிரி, கண் மூடியபடியே, பெரியம்மா போதுமா, இன்னும் பூசணுமா, என்கிறாள், டாக்டர் குனிந்து, என்ன பூசணும், என்று கேட்கிறார், எங்கள் இரண்டு பேரையும் பார்க்கிறார், இந்தப் பிள்ளைகூட இருந்த வேற யாருக்காவது காய்ச்சல் வந்து விட்டிருக்கா, ஏன் கேக்கறேன்னா இது விட்ட மாதிரி விட்டுட்டு ரெண்டாவது தடவை வரும், என்கிறார்.

இரண்டாவது தடவை என்றதும் எனக்கு ஒரு முழங்கால் மடிப்பு தெரிந்தது, சட் என்ற சத்தம் கேட்டது, ஞாயிற்றுக்கிழமை விட்டது, இன்று வியாழன், பதினோரு நாள், சொன்னால் சூடம், சொல்லாவிட்டால் உண்ணி, இரண்டு பக்கமும் தேன்மொழிதான் நிற்கிறாள், நடுவில் இந்தப் பெண் காற்றில் மஞ்சள் பூசிக்கொண்டிருக்கிறாள், நான் சொன்னேன், எதற்கும் தயங்காத வாய் அன்றைக்குத் திக்கித் திக்கிச் சொன்னது, தை மாசம் வியாழக்கிழமை சார், சில்வர் ஓக் மரத்துலருந்து விழுந்துச்சு, காதுல உண்ணி இருந்துச்சு, நான் பார்த்தேன், நான்தான் இவளைப் பூசச் சொன்னேன், அப்படி முறையே கிடையாது சார், அடுத்த புதன்கிழமை காய்ச்சல், ஒன்பது நாள், வெள்ளிக்கிழமை விட்டுச்சு, திங்கட்கிழமை நடை கோணிச்சு, செவ்வாய்க்கிழமை கண்ணு கூசிச்சு, பேசினா ஒரு நிமிஷம் கழிச்சுதான் பதில் வந்துச்சு, எம்புள்ளைக்கு உண்ணி கடிச்சது ஒரு சனிக்கிழமை, அப்புறம் எட்டாம் நம்பர் வீட்டுல ஒண்ணு, ரெண்டாம் நம்பர்ல ரெண்டு, அதுங்களுக்கு இன்னும் காய்ச்சல் விடல, டாக்டர் எழுதிக்கொண்டே இருந்தார், சுவருக்கு மேலே ஒரு முழத்தில் நான் சேர்த்து வைத்தது எல்லாம் ஒரு தாளில் போயிற்று, எழுதி முடித்து, குரங்குக் காய்ச்சல், உண்ணி கடிச்சு வர்றது, இதுக்கு மருந்துன்னு தனியா இல்லம்மா, தாங்கிப் பிடிக்கறதுதான் எங்க வேலை, ஆனா அந்த மூணு பிள்ளைங்களை இன்னிக்கே கொண்டுவர முடியும், என்றார், சிவபாக்கியம் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள், பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

ஒன்பது நாள் நிரஞ்சனி கண் திறக்கவில்லை, நான் மலையேறி வந்துவிட்டேன், என் பிள்ளை இங்கே இருக்கிறது, எங்கள் லைனுக்கு வண்டி வண்டியாக ஆள் வந்தார்கள், கையுறை, முகமூடி, எல்லாருக்கும் ரத்தம் எடுத்தார்கள், கைகாலில் தடவ எண்ணெய் கொடுத்தார்கள், புதைத்த இடத்தைச் சுற்றி மருந்து தெளித்தார்கள், அந்தப் பாரஸ்ட் கார்டும் வந்தார், கேஸ் எழுதவில்லை, கேட்டப்பவே சொல்லியிருக்கலாமேம்மா, என்று மட்டும் சொன்னார், அதற்குக் கேஸே போட்டிருக்கலாம், தேன்மொழியின் ரத்தத்திலும் அது இருந்தது என்று தாள் வந்தது, இனி வரலாம், வராமலும் போகலாம், பார்த்துக்கிட்டே இருங்க, என்றார்கள், பார்ப்பது எனக்குச் சொல்லித்தரவா வேண்டும், காலையில் எழுந்ததும் வாய்க்கால் ஓரக் கட்டின் மேல் நேராக நடக்கச் சொல்வேன், ஏழாம் வாய்ப்பாடு கேட்பேன், ஏழெட்டு அம்பத்தாறு என்று அவள் சொல்ல ஒரு நொடி பிந்தினால் என் உயிர் போய்த் திரும்பும், கதவைத் திறந்து வெயிலில் நிறுத்தி, கண்ணு கூசுதா, என்பேன், அம்மா எனக்குப் பைத்தியம் இல்ல, உனக்குத்தான், என்று அது கொழுந்துக்குள் ஓடி ஒளிந்துகொள்ளும், காணவில்லை என்றதும் ஆத்தா எடுத்துக்கிட்டா என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு கோயிலுக்கு ஓடுவேன், கட்டினது நான்தான், பொய்யா கட்டினது, வுட்டுரு ஆத்தா, என்று சூடம் ஏற்றுவேன், அணைப்பதற்குக் கை போகாது, சாமிக்கு எது என் பொய், எது என் நிஜம் என்று எப்படித் தெரியும், எனக்கே தெரிந்தது கிடையாதே, ஒரு வாரம், இரண்டு வாரம், திருவிழா வந்து போனது, தேன்மொழிக்கு ஒன்றும் வரவில்லை, வரவில்லை என்பதை நான் இன்றுவரை நம்பவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து நிரஞ்சனி திரும்பி வந்தாள், முடியை வெட்டியிருந்தார்கள், வலது கை காற்றில் இலை மாதிரி நடுங்கியது, எல்லாருடைய பெயரும் பாதி பாதியாக ஞாபகம், என்னைப் பார்த்து, பெரிய, என்று சொல்லி நிறுத்திவிட்டாள், மீதியைச் சொல்ல மூன்று மாதம் ஆயிற்று, ஸ்கூலுக்கு மறுவருஷம்தான் போனாள், வெயிலில் குடை, அந்த மூன்று பிள்ளைகளும் ஒரே வாரத்தில் வீடு வந்தார்கள், ஆனால் சிவபாக்கியம் என்னோடு பேசவில்லை, ஆறு வருஷம், சுவர் ஒன்று, கூரை ஒன்று, ஒரு முழம் இடைவெளி அப்படியே இருக்கிறது, அவள் வீட்டில் இப்போது மெதுவாகத் தாளித்தார்கள், கடுகைக்கூட எனக்குக் கேட்காமல் வெடிக்கவைக்கப் பழகிவிட்டாள், எனக்கும் கொழுந்து நிறுக்கிற இடத்தில் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று, என்னக்கா ரேடியோ ரிப்பேரா, என்று சின்னப் பெண்கள் நேராகவே கேட்டார்கள், சிரித்தேன்.

பிறகு நிரஞ்சனியைப் பெண் கேட்டுத் திருப்பூரிலிருந்து வந்தார்கள், பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், மாப்பிள்ளையின் அம்மா விவரமானவள், பெண் வீட்டில் காபி குடித்துவிட்டு நேராக ஐந்தாம் நம்பருக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள், எங்கே விசாரித்தாலும் பக்கத்து வீட்டில்தானே விசாரிப்பார்கள், சொல்லுங்கம்மா, பொண்ணு எப்படி, என்கிறாள், சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் நகரவில்லை, மூச்சு சத்தம்கூட இல்லை, சிவபாக்கியம் நின்று கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும், இத்தனை வருஷமாக நான் நின்ற இடத்தில் அவள் நிற்கிறாள், என்ன சொல்வது, கை நடுங்குவதைக் காபி கொடுக்கும்போது சிவபாக்கியமே வாங்கிக் கொடுத்து மறைத்திருப்பாள், நல்லதாக நாலு வார்த்தை சொல்லி அனுப்பினால் கல்யாணம் முடிந்துவிடும், பிறகு திருப்பூரில் அந்தக் கை எத்தனை நாள் ஒளிந்திருக்கும், ஒரு விஷயத்தைப் பூட்டி வைத்து நான் பார்த்தது போதாதா, சொன்னேன், சத்தமாகவே சொன்னேன், சுவருக்கு அந்தப் பக்கமும் கேட்கட்டும் என்று, வலது கை நடுங்கும்ங்க, நிறைய வெயில் ஆகாது, சில நாள் பேர் மறந்துடுவா, திருப்பிச் சொன்னா கோவப்பட மாட்டா, பிறந்தப்ப இருந்தே இல்ல, பதினஞ்சு வயசுல குரங்குக் காய்ச்சல் மூளைக்கு ஏறி வந்தது, அதுவும் அவ தப்பு இல்ல, மந்திக்கு நான் பூச வேண்டிய மஞ்சளை அவளைப் பூச வெச்சேன், அவ பயப்படாமப் பூசினா, அந்த மனசு இன்னும் அப்படியே இருக்கு. அந்த அம்மா என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்காரி நல்லதை மட்டும் சொன்னாத்தான் எனக்குப் பயம் வரும், ஆஸ்பத்திரித் தாள் எல்லாம் வெச்சிருக்காங்களா, எம்பையனையும் கூட்டியாந்து அவனும் பொண்ணும் பேசட்டும், என்று எழுந்து போனாள், நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன், குடம் பறந்து வரும் என்று படிக்கட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ரொம்ப நேரம் கழித்து, சுவருக்கு மேலே அந்த ஒரு முழத்தின் வழியாக, அக்கா, சீனி இருக்கா, என்று ஒரு குரல் வந்தது, ஆறு வருஷத்துக் குரல், இருந்தது, டப்பாவோடு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வைகாசியில் கல்யாணம், கல்யாணத்துக்கு ஜெயசீலன்தான் லாரி ஓட்டினான், அடுத்த வருஷம் சிவபாக்கியமும் புருஷனும் ஆறாம் நம்பரைக் காலிசெய்துவிட்டு மகளோடு திருப்பூருக்கே போய்விட்டார்கள், இப்போது அந்த வீட்டில் அசாம்காரப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் பேசுவது எனக்குப் புரிவதில்லை, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், தேன்மொழி ஓசூரில் கம்பெனி ஹாஸ்டலில், போன் எடுத்ததும், இல்லம்மா, காய்ச்சல் இல்ல, ஏழெட்டு அம்பத்தாறு, என்று நான் கேட்காமலே சொல்லிவிட்டுத்தான் அடுத்த பேச்சு, போன மாதம் திருப்பூர் போயிருந்தேன், இரண்டாம் மாடி, தண்ணீர் கீழே தெருக்குழாயில், குடு புள்ள நான் தூக்குறேன், என்றால், வேணாம் பெரியம்மா, என்று முழுப்பெயரும் சொல்லி, நீலக் குடத்தை இடது இடுப்பில் ஏற்றிக்கொண்டு நிரஞ்சனி படியேறுகிறாள், முக்கால் குடம்தான் பிடிப்பாளாம், மீதிக் கால்பங்கு கை நடுக்கத்துக்கு விட்டது என்று சிரிக்கிறாள், வலது உள்ளங்கையைக் கண்ணுக்கு மேல் கூரை மாதிரி வைத்திருக்கிறாள், படிக்கு ஒரு வாய் தண்ணீர் தளும்பி விழுகிறது, என் காலடியில் வந்து நனைக்கிறது, கீழே குழாயடியில் நிற்கும் பெண்கள் எல்லாரும் குடத்தைப் பார்த்து, சிந்துது பாரு, சிந்துது பாரு, என்கிறார்கள், சிந்தட்டும், நான் குடத்தைப் பார்க்கவில்லை, ஒவ்வொரு படியிலும் அவள் கால் வைப்பதைப் பார்த்துக்கொண்டு பின்னாலேயே ஏறுகிறேன்.